மொட்டை மாடிக் காவல்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி சாப்பிட்டு முடிந்ததும் அவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போவது வழக்கம். வீட்டிலே பார்ப்பதற்கு லாயக்கான பொருள் வேறொன்றும் கிடையாது. பேகோபுரத் தெரு மாடியில் ஏறி மேற்கே திரும்பினால், அண்ணாமலை எதிரே நிற்கும். அது எங்களுடையதல்ல. ஆயினும் வந்தவர்கள், ஏதோ நாங்களே பணம் போட்டுக் கட்டி வைத்ததுபோல் எங்களைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

சென்ற பங்குனியில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகன் மாத்திரம் பாராட்டவில்லை. ஐந்து நிமிஷம் மலையையே உற்றுப் பார்த்தான். பிறகு, "மாமா! இதன் உச்சியில் ஏன் ஒரு காவற் கோபுரம் இல்லை?" என்று கேட்டான்.

அவன் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்தில் உயரமில்லாத மலை ஒன்று இருக்கிறதாம். அடிமுதல் முடிவரை காடு. உச்சியில் மரத்தால் கட்டிய ஒரு கோபுரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்டாட்டி பிள்ளைகளுடன் அதில் ஏறிக் காற்று வாங்கிவிட்டு வருவது அவனுக்கு வழக்கம். ஆனால் அது காற்று வாங்குவதற்காகக் கட்டிய கோபுரமல்ல. 1910-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் வடமேற்கே மூண்ட காட்டுத் தீ, இரண்டே நாளில் சுமார் முப்பது லட்சம் ஏக்கரைக் கருக்கி எண்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகுதான் அந்த தேசத்தில் மலைக்கு மலை இத்தகைய கோபுரங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. ஒவ்வொன்றிலும் கோடைக்காலம் முழுவதும் ஓர் ஆள் தனியாகக் குடியிருப்பான். அவன் முன்னால் வட்டமான மேஜை; அதன்மேல் அந்தப் பிரதேசத்தின் படம்; படத்தின்மேல் சுழன்று குறி பார்க்கும் ஒரு வளையம். ஆஸ்பார்ன் என்ற வன உத்தியோகஸ்தர் அமைத்த கருவி அது. எங்கேயாவது புகை கிளம்பினால் வளையத்தைத் திருப்பிக் குறி பார்த்து, இன்ன திசையில் புகை என்று டெலிபோனில் சொல்வான். வேறொரு மலையில் இருப்பவனும் அதே புகையைக் குறி பார்த்துச் சொல்வான். இரண்டு கோடுகளும் படத்தில் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே தீ! இப்போது அந்தக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றில் காவற்காரன் இல்லை என்று என் மருமகன் கொஞ்சம் வருத்தத்துடன் சொன்னான்.

"சுமார் 2,670 அடி உயரம் இருக்கிறதே, மாமா! சுற்றிலும் சமவெளி. இதைவிட நல்ல இடம் ஏது?" என்று முடித்தான்.

மாடிப்படியில் வற்றல் முறத்துடன் வந்துகொண்டிருந்த என் மனைவி, "உச்சியில் ஸ்வாமியின் பாதம் இருக்கிறது. அதற்கும் மேலே ஒருவன் தன் பாதத்தை வைத்துக்கொண்டு நிற்கவா கோபுரம்?" என்றாள். பேச்சு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் அறியாமல் கேட்ட கேள்வி, ஐம்பத்தேழு வருஷமாக நான் மூடி வைத்திருந்த ஒன்றின் மேல் கையை வைத்துவிட்டது.

முதலில் கோபுர விஷயத்தை முடித்துவிடுகிறேன். பொது ஜனங்கள் தீபத்தன்று மலையேறத் தடையில்லாதிருந்த காலத்தில், நான் நாலைந்து தடவை உச்சிக்குப் போயிருக்கிறேன். வருஷா வருஷம் வழிந்த நெய்யினால் அங்கே பாறை கன்னங்கறேலென்று மின்னும். வெறுங்காலோடு நின்றால் வழுக்கும். கிழக்கே பார்த்தால், 217 அடி உயரமுள்ள ராஜகோபுரம், நவராத்திரிக் கொலுவில் வைக்கும் பொம்மையாகத் தெரியும். ஏரிகளெல்லாம் கண்ணாடிச் சில்லுகள். வடமேற்கே ஜவ்வாது மலைத் தொடர். கிழக்கே, வானம் துலக்கமாயிருந்தால், செஞ்சிக் குன்றுகள். ஆனால் ஒன்று தெரியாது. அண்ணாமலையின் சரிவுகள் தெரியமாட்டா! மலையின் தோள்கள் புடைத்துக்கொண்டு மறைத்துவிடும். ஊரெல்லாம் தெரியும், காலடி தெரியாது. ஆகவே அங்கே ஒருவனைக் காவலுக்கு உட்கார வைத்தால், செஞ்சியில் தீப்பிடித்தால் ஒருவேளை சொல்வான். விரூபாக்ஷ குகைக்குப் பக்கத்தில் பிடித்தால் சொல்லமாட்டான்.

வேறு தேசங்களில் காடு, விரித்த ஜமக்காளம் மாதிரி பரந்து கிடக்கிறது. அதைப் பார்ப்பதற்கு ஆள் மேலே ஏற வேண்டும். எங்கள் ஊரிலோ காடே எழுந்து நிற்கிறது. அதைப் பார்ப்பதற்கு எல்லோரும் கீழே நின்றால் போதும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை, அதன் ஓரமெல்லாம் வீடு, மடம், கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான கண்கள். தலைகீழாகக் கவிழ்த்து வைத்த காவற் கோபுரம் என்று இதைச் சொல்லலாம். இவ்வளவு கண்கள் இருந்தும், நான் சிறுவனாயிருந்தபோது, கோடைதோறும் மலை எரியாத வருஷம் இல்லை. எரிவதை யாரும் பார்க்கவில்லை என்றா சொன்னேன்? எல்லோரும் பார்த்தோம். பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அதற்குக் காரணமும் உண்டு. இது அக்கினித் தலம். பிரம்மாவும் விஷ்ணுவும் அடிமுடி காணாமல் திகைத்த நெருப்புத் தூணே, கலியுகத்தில் கல்லாக நிற்கிறது என்பது ஐதிகம். கார்த்திகை மாதத்தில் பர்வதராஜ குலத்தார் தாமிரக் கொப்பரையை உச்சிக்குச் சுமந்து போகிறார்கள். சுமார் 3,500 கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டர் காடாத் துணியும் மேலே போகின்றன. அந்தி வேளையில் ஏற்றிய தீபம் பதினொரு நாள் எரிகிறது. அப்பேர்ப்பட்ட மலையில் பங்குனி மாதத்தில் தானாகவே ஒரு நெருப்பு மாலை தோன்றினால், பாமர ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? படித்த ஜனங்களும் அதையேதான் நினைத்தார்கள். எங்கள் பாட்டி மாடியில் நின்று கற்பூரம் காட்டுவாள்.

தானாகவே தோன்றினால் என்று எழுதினேன். 1968-ம் வருஷத்து நெருப்பு தானாகத் தோன்றவில்லை. அதை மூட்டியவன் நான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் விடுமுறை. நானும் தெருவிலிருந்த இரண்டு பையன்களுமாகத் தீபத் திருவிழா விளையாடுவதென்று தீர்மானித்தோம். தெருவிலே விளையாடினால் தீபம் தெருவிலல்லவா எரியும்? ஆகையால் ஒருவருக்கும் தெரியாமல், கந்தாச்ரமத்துக்குப் போகும் பாதையில் ஏறி, பாதையைவிட்டு விலகி, கூரையைப்போல் சாய்ந்திருந்த ஒரு பெரிய பாறைக்குப் போனோம். உடைந்த சட்டி ஒன்று கொப்பரை. எங்கள் வீட்டிலிருந்து திருடிய நல்லெண்ணெயும் கற்பூரப் பொட்டலமும் நெய். பழைய வேஷ்டிக் கிழிசல் திரி. அரோகரா போட்டுக்கொண்டு நான்தான் ஏற்றினேன். காற்று ஒரு தரம் வீசியது. எரிகிற துணி ஒன்று பறந்து, மார்பளவு நின்ற காய்ந்த புல்லில் விழுந்தது.

மலைப் புல்லை நேயர்களில் சிலர் பார்த்திருக்கமாட்டார்கள். எலுமிச்சை மணம் வீசும் நீண்ட புல் அது; அதில் எண்ணெய் இருக்கிறது. பங்குனியில் அது பற்றிக்கொண்டால் சடசடவென்று பட்டாசு வெடிப்பதுபோல் சப்தம் வரும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். கீழே எரிகிற சூடு மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்தி வைத்துவிடுகிறபடியால், தீ நடப்பதில்லை, ஓடுகிறது. நாங்கள் கீழே நின்றிருந்தோம். ஒரு பத்தடி மேலே நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்கமாட்டான். 2018-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில், இறங்கி வந்துகொண்டிருந்த இளைஞர் கூட்டத்தைக் காட்டுத் தீ மடக்கி இருபத்துமூன்று பேர் மாண்ட செய்தியைப் படித்த அன்று, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மலை இரண்டு இரவு எரிந்தது. பாட்டி கற்பூரம் காட்டினாள். நான் பக்கத்தில் நின்று கைகூப்பினேன். எங்களில் ஒருவனுடைய தகப்பனாருக்குச் சந்தேகம் வந்து விசாரித்தபோது, மற்றவன், "நாங்கள் மூவரும் அன்றைக்கு ஐயங்குளத்தில் குளித்துக்கொண்டிருந்தோம்" என்று சத்தியம் செய்தான். முடியைக் கண்டதாகப் பிரம்மாவுக்காகத் தாழம்பூ பொய்ச் சாட்சி சொன்ன ஸ்தலமல்லவா இது!

ஒரு வாரம் கழித்து, எங்கள் வீட்டுக்கு மாட்டுப்புல் போடுகிற ஸ்திரீ வெறுங்கையோடு வந்தாள். அவளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். மலைப்புல்லை அறுத்து, இளசை மாட்டுக்கும் முற்றலைக் கூரைக்குமாக விற்றுப் பிழைப்பவள்.

"என்னடி, கட்டு எங்கே?" என்றாள் பாட்டி.

"கட்டு ஏது, பெரியம்மா? எல்லாம் கரியாய்ப் போச்சு. ஆனி மாசம் மழை பேஞ்சு துளுக்கிற வரைக்கும் எதை அறுக்கிறது? கன்னுக்குட்டியை நேத்து சந்தைக்கு ஓட்டிட்டேன். எவனோ புண்ணியவான் கொளுத்திட்டான்."

"யாரும் கொளுத்தவில்லை; அது ஸ்வாமி லீலை" என்றாள் பாட்டி, அவளுக்கு இரண்டு படி அரிசி அளந்து போட்டுக்கொண்டே. நான் திண்ணையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

மலை எப்போதும் அப்படி மொட்டையாக இருந்ததில்லை. ரமண மகரிஷிகள் 1899 முதல் 1916 வரை விரூபாக்ஷ குகையிலும், பிறகு 1922 வரை கந்தாச்ரமத்திலும் வாசம் செய்த காலத்தில், அங்கே சிறுத்தை நடமாடியதை அடியார்கள் எழுதியிருக்கிறார்கள். சிறுத்தை இருந்ததென்றால் ஒளிய இடமும், தின்ன இரையும் இருந்திருக்க வேண்டும். பிறகு எப்படிப் போயிற்று? ஊர் பெருத்தது, அடுப்புகள் பெருத்தன. இரண்டாவது மகா யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து பஸ்களெல்லாம் கரிவாயுவில் ஓடின. அந்தக் கரி எந்தக் காட்டு மரம் என்று டிக்கெட்டில் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் 1882-ல் சென்னை வனச் சட்டம் போட்டுக் காடுகளைச் சர்க்கார் சொத்தாக்கி, புல்லறுப்பவளையும் சுள்ளி பொறுக்குபவளையும் திருடர்களாக்கினார்கள் என்பது வாஸ்தவம். தன் காடு தனதல்ல என்று சொல்லப்பட்டவன் அதைக் காப்பாற்ற மெனக்கெடமாட்டான் என்பதும் வாஸ்தவம். ஆனால் 1947-க்குப் பிறகு அந்தச் சாக்கு நமக்கு இல்லை. நான் கல்லூரிக்குப் போன காலத்தில், நம்முடைய ராஜ்யத்தில், நம்முடைய மலை, வேனிற்காலத்தில் கரியும் பாறையுமாகக் கிடந்தது. அதைச் சுற்றி நாம் பயபக்தியுடன் வலம் வந்துகொண்டிருந்தோம்.

1980-களின் இறுதியில் சிலர் மலையில் மரம் நடத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஊரார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று சொல்லிவிடுவது நல்லது. 2003 முதல் 'தி பாரஸ்ட் வே' என்னும் தரும ஸ்தாபனத்தார், வனத்துறையுடன் சேர்ந்து அந்தக் காரியத்தை நிறுத்தாமல் செய்துவருகிறார்கள். மழைக்காலத்தில் கன்றுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் நடுவது அதில் பாதி. மீதிப் பாதிதான் கஷ்டம். ஏனென்றால், ஐந்து வருஷம் வளர்த்த கன்றைத் தின்பதற்குத் தீக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆகவே புல் காயத் தொடங்கியதும், சரிவுகளின் குறுக்கே அகலமான பாதைபோலப் புல்லை அறுத்துத் தரையை வெறுமையாக்குகிறார்கள். தீத்தடுப்புக் கோடு என்று பெயர். ஓடிவருகிற தீ அந்தக் கோட்டில் வந்து தின்ன ஒன்றுமில்லாமல் நிற்க வேண்டும். சில சமயம் காற்று அதைத் தூக்கி அக்கரையில் போட்டுவிடும். அப்போது ஆட்கள் போக வேண்டும். அந்தச் செங்குத்தில் தண்ணீர் கொண்டுபோக வழியில்லை. பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு, தீயின் ஓரத்திலிருந்து அடித்து அடித்து அணைப்பார்கள். தீக்கு மேலே நிற்பதில்லை. புகை திரும்பினால், எரிந்து முடிந்த கரிநிலத்துக்குள் ஓடிவிட வேண்டும். ஒரு தடவை எரிந்த இடம் மறுபடி எரியாது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர்கள் அந்தப் பிள்ளைகளே. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபின், அவர்களில் ஒருவனைத் தெருவில் நிறுத்தி, "என்னால் மலையேற முடியாது. மாடியேற முடியும். ஏதாவது உபயோகப்படுவேனா?" என்று கேட்டேன். அவன் தன் டெலிபோன் நம்பரைக் கொடுத்தான். இப்போது டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு ஸ்தாபனம், செயற்கைக் கோள்கள் கண்ட தீயைக் கைப்பேசிக்கே செய்தியாக அனுப்புகிறது. ஆனால் செயற்கைக் கோள் நாளைக்குச் சில தடவைதான் தலைக்குமேல் போகிறது. சிறு நெருப்பு அதன் கண்ணில் படாமலும் போகலாம். இரண்டு போக்குக்கும் நடுவிலுள்ள நேரத்துக்கு என்னைப்போன்ற கிழவர்கள் தேவைப்படுகிறார்கள். அன்று முதல் மாசி பிறந்து கோடை மழை பெய்கிறவரையில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் இரண்டு மணி நேரம் உட்காருவது என் காவல். காற்று வாங்குவதாக என் மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள்.

மருமகன் ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, இரவு ஒன்பதரை மணி. அவன் நாற்காலியில் சாய்ந்து நக்ஷத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலையின் இடது தோளுக்குக் கீழே, யாரோ பீடி குடிப்பதுபோல் ஒரு சிவப்புப் பொட்டு தோன்றியது. மலையில் பீடி குடித்தால் இங்கே தெரியாது. நான் டெலிபோன் செய்து முடிப்பதற்குள் பொட்டு, கோடாகிவிட்டது. அரைமணி நேரத்தில் அடிவாரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு டார்ச்சு வெளிச்சங்கள் மின்மினிகளைப்போல் மேலே ஏறின. அதற்குள் தீ ஒரு சரமாகத் தொங்கிற்று. மின்மினிகள் சரத்தின் ஒரு நுனியை அணுகின. சற்று நேரத்துக்கெல்லாம் நுனி அணைந்தது. பிறகு நடுவில் ஒரு கண்ணி அறுந்தது. இரண்டு துண்டு, நாலு துண்டு. ஒரு துண்டு மறுபடி பற்றிக்கொண்டு மேலே பாய்ந்தபோது, என் மருமகன் எழுந்து நின்று, "போச்சு, போச்சு!" என்று கத்திவிட்டான். பன்னிரண்டரை மணிக்கு மலை இருண்டது. அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.

இறங்கி வந்த பிள்ளைகளில் நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முகமெல்லாம் கரி, கண்கள் மட்டும் சிவப்பு. என் மனைவி பானையோடு மோரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எப்படி ஐயா இவ்வளவு சின்னதாயிருக்கும்போதே கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று ஒருவன் கேட்டான்.

என்ன தோன்றிற்றோ, சொல்லிவிட்டேன். சட்டி, நல்லெண்ணெய், கற்பூரம், ஐயங்குளத்துப் பொய்ச் சாட்சி, புல்லுக்காரியின் கன்றுக்குட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது திண்ணையில் சப்தமே இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக என்னோடு குடித்தனம் செய்பவளுக்கே அது புதிய செய்தி. அவள் மோர்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்த அம்மாளுக்குப் பிற்பாடு நான் ஏதாவது செய்தேனா என்று மருமகன் கேட்டான். ஒன்றும் செய்யவில்லை. நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கிய சமயத்தில் அவள் தெருவுக்கு வருவது நின்று போயிருந்தது. எங்கே போனாளென்று நான் விசாரிக்கவுமில்லை.

பிள்ளைகளில் மூத்தவன் தம்ளரைக் கீழே வைத்தான். "எந்தப் பாறை, ஐயா?" என்றான்.

அதைக் காட்டுவதற்கு ஐப்பசி மாதம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. மலையில் இஷ்டப்படி திரிய இப்போது வனத்துறை இடம் கொடுப்பதில்லை. கட்டுப்பாடு வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2024-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, 'பெஞ்சல்' புயல் மழையில் வ.உ.சி. நகர்ப் பக்கம் மண்ணும் பாறையும் சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணுள் புதைந்தார்களே, அதற்குப் பிறகு ஊரில் யாரும் மலையைப் பழைய கண்ணோடு பார்ப்பதில்லை. அந்த வருஷம் டிசம்பர் 13-ந் தேதி தீபத்துக்குக் கொப்பரையும் நெய்யும் சுமந்தவர்களைத் தவிரப் பொது ஜனங்களை மேலே விடவில்லை. கன்று நடும் கூட்டத்தோடு, அனுமதியின் பேரில், மெதுவாக என்னையும் அழைத்துப் போனார்கள். ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் எனக்குக் கொடுத்த ஒரே கன்றையும் ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டான்.

பாதையைவிட்டு எந்த இடத்தில் விலகினோம் என்பது நன்றாக ஞாபகமிருந்தது. ஆனால் அங்கே போனால் வழியில்லை. மார்பளவு புல் நின்ற இடத்தில் தலைக்குமேல் மரம். நிழல். காலடியில் சருகு. ஏதோ ஒரு குருவி எங்களைக் கண்டு கோபித்துக்கொண்டு கத்திற்று. கூரைபோல் சாய்ந்த பாறை என்று சொன்னேனல்லவா? ஒன்றல்ல, மூன்று இருந்தன. மூன்றையும் கொடி மூடியிருந்தது. இதுதானென்று ஒன்றின்மேல் கையை வைத்தேன். அடுத்ததைப் பார்த்ததும் அதுதானோ என்று தோன்றிற்று.

"நிச்சயமாகச் சொல்லுங்கள், ஐயா" என்றான் மூத்தவன்.

"எதற்கு, அப்பா? எதுவாயிருந்தால் என்ன?"

"அப்படியில்லை. நீங்கள் ஏற்றியபோது காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, தீ எந்த வழியாக மேலே போனது என்று தெரிந்தால் நல்லது. தை மாதம் இந்தப் பக்கம் ஒரு புதுக் கோடு வெட்டப்போகிறோம்."

பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். துணி பறந்த திசை ஞாபகம் வந்தது. எழுந்து கையை நீட்டிக் காட்டினேன். அவன் கைப்பேசியை எடுத்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டான்.